நாக்குக்குத் தெரிந்த பல்

விடுதியில் காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டே குழாயடிக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை பல்பொடி விழும். ரோஸ் நிறம் என்று பார்வையுள்ளவர்கள் சொல்வார்கள். எனக்கு அது நிறமில்லை, கற்பூரமும் கிராம்பும் கலந்த ஒரு வாசனை. ஆள்காட்டி விரலால் முன்பல்லில் நாலு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். அவ்வளவுதான் பல் விளக்குவது.

வரிசை முடியும் இடத்தில் வார்டன் நிற்பார். "ஈ காட்டு" என்பார். காட்டுவோம். "மஞ்சளா இருக்கு, போய்த் திரும்பத் தேய்டா."

பிறவியிலேயே பார்வை இல்லாதவன் நான். மஞ்சள் என்றால் எனக்கு அம்மாவின் கைவாடை. அதைப் பல்லில் எங்கே போய்த் தேடுவது? இன்னும் பலமாகத் தேய்க்கச் சொல்கிறார் என்பது மட்டும் புரிந்தது. தேய்த்தேன். ஈறு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. மறுபடி வரிசை, மறுபடி ஈ. "ம், போ."

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எழுபது பிள்ளைகளுக்கு ஒற்றை ஆள். அவருக்குத் தெரிந்தது கண்ணால் பார்க்கிற பல். எனக்குத் தெரிந்தது நாக்கால் பார்க்கிற பல். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்ளவே இல்லை. மூன்றாம் வகுப்பில் "ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி" என்று ராகம் போட்டு ஒப்பித்தோம். கடவாய்ப்பல் என்று ஒன்று இருக்கிறது, அங்கேயும் விரல் போக வேண்டும் என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நான்காம் வகுப்பில் யாரோ ஒரு புண்ணியவான் எல்லாருக்கும் பிரஷ் வாங்கிக் கொடுத்தார். அத்தனையும் ஒரே மாதிரி, ஒரே அளவு. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் வாளியில் கிடந்தன. முதல் ஒரு வாரம் யார் பிரஷ் யார் வாயில் போனது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அப்புறம் எங்களுக்குள்ளேயே வழி கண்டுபிடித்தோம். ஒருவன் நூல் சுற்றினான், ஒருவன் ரப்பர் பேண்ட் போட்டான். நான் காம்பசின் முனையைச் சூடாக்கி, பிடியில் மூன்று குழி வைத்தேன். பிரெயில் எழுத்துக்கே ஆறு புள்ளிதானே, எனக்கு மூன்று போதும் என்று நினைப்பு. சமீபத்தில் ஒரு விடுதிக்குப் போனபோது பார்த்தேன், அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் தனித்தனியாக ஒரு ஆணி, ஆணிக்கு மேலே பிரெயில் பெயர்ச்சீட்டு. ஒரு சுத்தியலும் ஒரு டப்பா ஆணியும் செய்த வேலை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பேஸ்ட்டும் இப்படித்தான். பிரஷ்ஷின் மேல் பேஸ்ட்டை நீளவாக்கில் வைப்பது பார்வையுள்ளவர்களின் வழக்கம். நாங்கள் செய்தால் பாதி கீழே விழும். விரல் நுனியில் பிதுக்கி, அதைப் பல்லில் வைத்துவிட்டு அப்புறம் பிரஷ்ஷை எடுப்பதுதான் எங்களுக்குச் சுலபம். விரலில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: எவ்வளவு என்பது தெரியும். மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு, அதற்குக் கீழே அரிசி அளவு என்று பல் டாக்டர்கள் சொல்கிறார்கள். என் அக்கா மகளுக்கு நான் நிஜமாகவே ஒரு காய்ந்த பட்டாணியைக் கையில் கொடுத்துத்தான் பழக்கினேன். பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது, ஆனால் சின்னப் பிள்ளைகள் தினம் விழுங்கினால் முளைக்கப்போகும் பல்லில் திட்டு விழும். தண்ணீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ட்யூப் குழப்பத்தைச் சொல்லாமல் விட்டால் என் அறைத்தோழன் கோபித்துக்கொள்வான். கல்லூரி விடுதியில் ஒரு நாள் காலையில் அவன் மூட்டுவலி ஆயின்மென்ட்டால் பல் தேய்த்துவிட்டான். அன்று மதியம் வரைக்கும் அவனுக்குச் சாம்பாரின் ருசி தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் பேஸ்ட் ட்யூபின் கழுத்தில் ஒரு ரப்பர் பேண்ட் உண்டு.

இப்போது என் மேல் முன்பல்லின் கதை.

பார்வையற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், முழுக்கத் திறந்த கதவு நண்பன் என்பார்கள், முழுக்க மூடிய கதவும் நண்பன்தான். எதிரி யார் என்றால் பாதி திறந்த கதவு. நீட்டிய இரண்டு கைக்கும் நடுவே புகுந்து நேராக முகத்துக்கு வரும். ஒன்பது வயதில் வராந்தாவில் ஓடிப் பிடித்து விளையாடும்போது அப்படி ஒரு கதவின் விளிம்பு என் வாயில் வந்து மோதியது. உதடு கிழிந்தது. நிலைத்த பல்லாய் முளைத்து இரண்டு வருடம்கூட ஆகாத முன்பல் குறுக்காக உடைந்தது. உடைந்த துண்டு கையில் கிடைத்தது. சமையல்கார அக்கா அதை வாங்கித் தூர எறிந்துவிட்டு, வாயில் சர்க்கரை வைத்து அழுத்தினார். பல் டாக்டரிடம் யாரும் கூட்டிப்போகவில்லை. "கண்ணுக்கே வழியில்ல, இதுல பல்லுக்கு வேற" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இந்த வாக்கியத்தை, வேறு வேறு வார்த்தைகளில், இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் துண்டை எறிந்திருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. உடைந்த துண்டைப் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப்போனால் பெரும்பாலும் அதையே ஒட்டிவிட முடியுமாம். முழுப் பல்லும் பிடுங்கிக்கொண்டு வந்தால் அவசரம் இன்னும் அதிகம். வேரைத் தொடாமல், வெளியே தெரியும் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். அழுக்கு இருந்தால் ஒரு தடவை லேசாக அலசலாம், தேய்க்கவே கூடாது. முடிந்தால் அதே குழியில் திருப்பி வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பாலில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் கைக்குப் போவது நல்லது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது நிலைத்த பற்களுக்கு மட்டும்தான். பால்பல் விழுந்தால் திருப்பி வைக்கக் கூடாது, உள்ளே வளரும் பல்லுக்கு அது கெடுதல். பார்வையற்ற பிள்ளைகளுக்கு மேல் முன்பல் அடிபடுவது மற்ற பிள்ளைகளைவிட அதிகம் என்று பல ஊர் ஆய்வுகளில் வந்திருக்கிறது. முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும் பிள்ளை என்றால் இன்னும் அதிகம். பார்வையற்றோர் பள்ளி சமையலறைகளில் பால் எப்போதும் இருக்கும். அந்தப் பால் எதற்கெல்லாம் உதவும் என்று சமையல்கார அக்காவுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பதினேழு வருடம் அந்த உடைந்த விளிம்பு என் நாக்குக்கு விளையாட்டுச் சாமான். தேர்வு எழுதும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, நாக்கு நேராக அங்கேதான் போகும். முதல் சம்பளத்தில் பல்லைக் கட்டிக்கொண்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. விளிம்பைத் தேடித் தேடி நாக்கு ஏமாந்துகொண்டே இருந்தது.

விடுதிக் காலத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று பிறந்தநாள் வரும். எங்களுடைய பிறந்தநாள் இல்லை, ஊரிலுள்ள நல்லவர்களுடையது. கேக், ஜிலேபி, மிட்டாய், கிரீம் பிஸ்கட். "குழந்தைங்க சந்தோஷமா சாப்பிடட்டும்" என்று தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். மிட்டாயைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஒவ்வொன்றாகச் சப்புவோம். இனிப்பு வாய்க்குள் போகும்போதெல்லாம் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அதை அமிலமாக மாற்றுகின்றன. எச்சில் அந்த அமிலத்தைத் தணிக்க அரை மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகும். ஒரே மூச்சில் பத்து மிட்டாய் தின்பதைவிட, அரை மணிக்கு ஒன்று என்று பத்து தின்பது பல்லுக்குப் பெரிய கேடு. எங்கள் வகுப்பில் பூச்சிப்பல் இல்லாதவன் ஒருவனோ இருவரோ. கொடுத்தவர்களின் மனசில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்தப் பிறந்தநாளுக்கும் யாரும் கொய்யாப்பழமோ அவித்த நிலக்கடலையோ கொண்டுவந்ததில்லை.

சரி, அக்கா மகளுக்கு வருவோம். அவளைப் பாப்பா என்றே சொல்கிறேன்.

பாப்பா 28 வாரத்தில் பிறந்தவள், ஆயிரத்து நூறு கிராம். குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு வரும் ஆர்.ஓ.பி. என்ற விழித்திரைக் கோளாறில் பார்வை போனது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியும் முன்பே குழந்தை வெளியே வந்துவிடுகிறது. பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துவிடுகின்றன. பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் லேசரில் காப்பாற்றலாம். பிறந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதைச் சொல்லவில்லை. அக்கா இன்றும் அந்த முப்பது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

பால்பல் முளைத்தபோதே பாப்பாவின் முன்பற்கள் சொரசொரவென்று, அங்கங்கே குழி விழுந்து இருந்தன. அக்கா அதை அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அது அழுக்கில்லை. பால்பல்லின் எனாமல் என்ற கெட்டியான மேலுறை வயிற்றில் நான்காவது மாதமே உருவாகத் தொடங்குகிறது, பிறந்த பிறகும் சில மாதம் தொடர்கிறது. நடுவே குறைப்பிரசவம் என்றால் அந்த வேலை தடைபடும். மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போடும்போது மேல் ஈறில் அழுத்தம் பட்டாலும் முன்பல் பாதிக்கும். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா என்ற அம்மை வந்து பிள்ளைக்குக் கண்புரை வரும்போதும் இதே மாதிரிதான், கண்ணைத் தொட்ட அதே நோய் சில நேரம் பல்லையும் தொட்டுவிடுகிறது. கண்ணில்லாததால் பல் கெடுவதில்லை. ஆனால் கண்ணைக் கெடுத்தது எதுவோ அது பல்லையும் கெடுத்திருக்கலாம். இதை யாராவது ஒரு கண் டாக்டர் ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அக்கா முதல் பல்லிலேயே பல் டாக்டரிடம் போயிருப்பாள்.

போனது ஐந்து வயதில், கடவாய்ப்பல் வலித்து ராத்திரியெல்லாம் அழுத பிறகு. நானும் கூடப் போனேன். முதலில் போன இடத்தில் டாக்டர் பாப்பாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அக்காவிடம், "பாப்பாவுக்குக் காது கேக்குமா?" என்றார். நல்லாவே கேக்கும் என்றாள் அக்கா. அப்புறமும் பாப்பாவிடம் பேசவில்லை. நாற்காலி திடீரென்று பின்னால் சாய்ந்தது. நடுராத்திரியில் யாரோ கட்டிலைக் கவிழ்த்த மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு. வாயில் சில்லென்று ஏதோ இரும்பு. எச்சில் உறிஞ்சும் குழாய் காதுக்குப் பக்கத்தில் 'க்ர்ர்' என்றது. அவள் கையில் கிடைத்ததைப் பிடித்தாள், வாயில் கிடைத்ததைக் கடித்தாள். கிடைத்தது டாக்டரின் விரல். "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் பாக்கணும்" என்று எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பாப்பாவின் பெயரைக் கேட்டார், தன் பெயரைச் சொன்னார், "நான் உன் வலது கைப்பக்கம் உக்காந்திருக்கேன்" என்றார். பாப்பா மூக்கை உறிஞ்சிவிட்டு, "இங்க பிரியாணி செய்றீங்களா?" என்று கேட்டாள். பல் ஆஸ்பத்திரிகளின் அந்த வாடை கிராம்பு எண்ணெய். டாக்டரம்மா சிரித்துவிட்டு, பஞ்சில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்க்கக் கொடுத்தார். பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

அப்புறம் நடந்ததை நான் காதால் மட்டுமே கேட்டேன், ஆனால் ஒவ்வொன்றும் புரிந்தது. நாற்காலியின் பட்டனைப் பாப்பாவின் விரலாலேயே அமுக்க வைத்தார். மேலே போனாள், கீழே வந்தாள், சாய்ந்தாள், நாலைந்து தடவை. உறிஞ்சும் குழாயை உள்ளங்கையில் வைத்தார். "என் கையத் திங்குது மாமா!" வாய்க்கண்ணாடியின் பிடியை நகத்தில் தட்டினார். பல்லைக் குடையும் ஏரோட்டர் நிமிஷத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று சுற்றும், கூர்மையான சத்தம் போடும். அதை முதலில் தூரத்தில் ஓடவிட்டு, "இது விசிலடிக்கிற தண்ணி" என்றார். கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பிள்ளைகளிடம் முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய் என்று 1959-இல் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதியது இன்றைக்கும் பாடமாக இருக்கிறதாம். "காட்டு" இருக்கும் இடத்தில் "தொடவிடு" என்று மாற்றிக்கொண்டால் போதும் என்றார் டாக்டரம்மா.

அவர் பேச்சை நிறுத்தவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "பஞ்சு எடுக்கத் திரும்பறேன்", "இப்ப என் கை உன் தாடையில", "இப்ப அஞ்சு எண்ணுவேன், அஞ்சுல நிறுத்திடுவேன்." பார்வையற்றவர்களுக்கு, பேச்சு நின்றால் அந்த ஆள் அங்கே இல்லை. இல்லாத ஒருவரின் கை திடீரென்று வாய்க்குள் வந்தால் யாராக இருந்தாலும் கடிக்கத்தான் செய்வார்கள். மயக்க மருந்து இல்லாமலே, மூன்று தடவை போய் வந்ததில் வேலை முடிந்தது. மயக்க மருந்தே கூடாது என்று சொல்லவில்லை, சில பிள்ளைகளுக்கு அதுதான் வழி. பார்வை இல்லை என்பது மட்டும் அதற்குக் காரணமாகக் கூடாது.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும் எல்லாரும் முழு இருட்டில் இருப்பவர்கள் இல்லை. கொஞ்சம் வெளிச்சம், நிழல், உருவம் தெரிபவர்கள் நிறைய. என் வகுப்பில் அல்பினிசம், அதாவது தோலிலும் கண்ணிலும் நிறமி இல்லாத குறை, உள்ள நண்பன் ஒருவன் இருந்தான். பல் ஆஸ்பத்திரியின் மேல்விளக்கு அவனுக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி. ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டால் முடிந்தது. கேட்டால்தானே போடுவார்கள்.

இந்த மூன்று தடவைக்கு நடுவில் ஒரு நாள் டாக்டரம்மா லீவு. வேறொருவர் இருந்தார். முன்பல்லில் தொடங்கியிருந்த சொத்தைக்குச் சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு தடவலாம் என்றார். நல்ல மருந்துதான். குடையாமல், ஊசி போடாமல், ஒரு சொட்டில் சொத்தையை நிறுத்தப் பார்க்கும். குறை ஒன்றே ஒன்று, தடவிய சொத்தை கன்னங்கரேலென்று கறுத்துவிடும். அக்கா தயங்கினாள். "பாப்பாவுக்குத் தெரியவா போகுது?" என்றார் அவர், ஆறுதலாகத்தான்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடானது. நான் வாயைத் திறப்பதற்குள் பாப்பா கேட்டாள்: "மத்தவங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். "ஸ்கூல்ல சிரிப்பாங்களா?" சிரிக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பின்னாடி பல்லுக்குப் போடுங்க, முன்னாடி வேணாம்" என்றாள். அப்படியே செய்தார்கள். முன்பல்லை டாக்டரம்மா வந்து பல் நிறத்திலேயே அடைத்தார்.

வீட்டில் பல் தேய்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. அழுக்கு இருக்கும் இடத்தைச் சாயம் போட்டுக் காட்டும் மாத்திரை, கண்ணாடி முன்னால் நின்று தேய்ப்பது, 'வெள்ளை வெளேர்' விளம்பரம், எதுவும் எங்களுக்கு உதவாது. தேடியபோது கிடைத்தது ஏ.டி.பி. என்ற முறை. கர்நாடகத்தின் ஹெப்பல், அங்கோலா என்ற இரண்டு பல் மருத்துவர்கள் 2012-இல் வெளியிட்டது. காதால் கேட்பது, கையால் தொடுவது, தானே செய்வது, இந்த மூன்றுதான் அது. பெரிய பல் மாடலைத் தடவிப் பார்த்து, அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டிப் பழகி, பிறகு தன் வாயில் தேய்க்க வேண்டும். தேய்க்கும் முன்பும் பின்பும் நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்வதுதான் அதில் உயிர். வாசித்தபோது சிரிப்பு வந்தது. குழாயடி வரிசையில் எனக்கு நானே கண்டுபிடித்துக்கொண்டது இதுதானே. பல்லின் மேல் கொழகொழவென்று மெல்லிய பாசி மாதிரி இருந்தால் அழுக்கு. தேய்த்தபின் கழுவிய கண்ணாடி டம்ளர் மாதிரி நாக்கு வழுக்கிக் 'கிறீச்' என்றால் சுத்தம்.

பெரிய பல் மாடலுக்கு எங்கே போவது? அக்கா சப்பாத்தி மாவில் ஒரு தாடை செய்து, பூண்டுப் பற்களைப் பதித்தாள். பூண்டுக்குப் பல் என்று பெயர் வைத்தவர் வாழ்க. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லும் பக்கம் என்று பாப்பா தடவித் தடவிப் பாடம் செய்தாள். ஒவ்வொரு இடத்துக்கும் பத்து எண்ணிக்கை. கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு மட்டும் இருபது என்று நான் சட்டம் போட்டேன். நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்து வந்து விழும் இடம் அது. சுத்தம் செய்யாவிட்டால் அங்கேதான் காரை கல்லாகப் பிடிக்கும். என் வாயில் முப்பது வயதுவரை அங்கே ஒரு சிமெண்ட் திட்டு இருந்தது. நாக்குக்குத் தெரிந்தே இருந்தது, அது என் பல்லின் இயல்பான வடிவம் என்றே நினைத்திருந்தேன். எட்டு வயதுவரை ராத்திரி ஒரு வேளை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும், பார்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வயதில் கை அவ்வளவு படியாது. அக்கா தேய்த்துவிடும்போது பாப்பா தன் கையை அம்மா கை மேல் வைத்துக்கொள்வாள்.

போன மாதம் பாப்பாவின் கீழ் முன்பல் ஆடத் தொடங்கியது. ஆட்டி ஆட்டி அவளே பிடுங்கிவிட்டாள். அப்பத்தா வழக்கப்படி கூரையில் எறியச் சொன்னார். மாட்டுக்கொட்டகையின் தகரக் கூரையைப் பார்த்து எறிந்தாள். 'டிங்' என்று விழுந்து, கடகடவென்று உருண்டு, நின்றது. "மாமா, அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியும்" என்று ஃபோனில் சொன்னாள். அடுத்த பல் எப்போது விழும் என்று தினம் விசாரணை.

நேற்று ராத்திரி மறுபடி ஃபோன். "மாமா, பல்லு எதுவும் விழல. ஆனா கீழ, கடைசில, பல்லு முடிஞ்ச எடத்துக்கு அப்புறம், ஏதோ மேடு வந்திருக்கு. நாக்கு வெச்சா முனையா இருக்கு."

ஆறு வயதில் வரும் கடவாய்ப்பல் அது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழாது. சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் வந்து முளைக்கும். பால்பல்தானே என்று பெற்றோர்கள் விட்டுவிட, ஆழமான பள்ளங்களில் சோறு தங்கி இரண்டு மூன்று வருடத்தில் சொத்தையாகும். ஆயுசுக்கும் நிற்க வேண்டிய பல். அந்தப் பள்ளங்களை முளைத்தவுடனேயே டாக்டர்கள் பூசி அடைத்துவிடலாம். அதுவும் பாப்பா மாதிரிக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். பிறக்கும் சமயத்தில்தான் அந்தப் பல்லின் எனாமல் உருவாகத் தொடங்குகிறது.

அம்மாவிடம் ஃபோனைக் கொடு என்றேன். அக்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையேடா தம்பி, ஈறுதான் சிவப்பா இருக்கு."

"டார்ச்ச அணைச்சிட்டு விரல வெச்சுப் பாருக்கா" என்றேன்.